கணிப்பொறியை நம் கைக்கருவியாக்குவோம்

(வெள்ளிவிழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து நிற்கும் இந்நன்னாளில், அன்றாட வாழ்வில் கணிப்பொறியை எளிதாகவும் செலவின்றியும் பயன்படுத்துவது எப்படி என்பது பற்றிப் பேச வேண்டுமென்று செயலாளர் பணித்தார். நான் பொறியியல் படித்தவன் அல்லன். ஓர் அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். பட்டறிவால் கற்ற சிலவற்றை மட்டுமே இங்கே சொல்ல இயலும். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

1991ஆம் ஆண்டில் எங்கள் அலுவலகத்திற்கு முதற் கணிப்பொறி வந்தது. அதற்கெனக் கண்ணாடி அறை ஒன்று கட்டிக் குளிரூட்டி வைத்தார்கள். காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். அன்று தட்டச்சர் எழுவர் இருந்தோம். அறுவர்க்கு முறை வைத்துப் பயிற்சி தந்தார்கள், ஏழாமவன் நான். காரணத்தை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஏழாண்டுகள் கழித்துப் பழைய பொறி ஒன்றைத் தவணை முறையில் வாங்கி, வீட்டில் வைத்து நானே கற்றேன். பின்னாளில் அதே அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தோர்க்கு நான் பயிற்சி அளித்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்று அந்த அறைக்குப் பூட்டு இருந்தது. இன்று அத்தகைய பூட்டு இல்லை. ஆயினும் நம்மில் பலர் இன்னும் அந்தக் கண்ணாடிக்கு வெளியேதான் நிற்கிறோம். ஏன் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மரத்தடி மனுவும் பிரவுசிங் சென்டரும்

நம் பாட்டனார் காலத்தில் தாசில்தார் அலுவலகத்து மரத்தடியில் மனு எழுதுபவர் ஒருவர் அமர்ந்திருப்பார். பட்டாவுக்கோ சான்றிதழுக்கோ அவரிடம் காசு கொடுத்துக் கைகட்டி நிற்பார்கள். அவர் என்ன எழுதினார் என்பது மனுக் கொடுத்தவர்க்கே தெரியாது. அந்நிலையை மாற்றத்தான் நம் முன்னோர் நம்மைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். நாமும் எழுதப் படிக்கக் கற்றோம். ஆனால் இன்று மரத்தடிக்குப் பதிலாகப் பிரவுசிங் சென்டர் வந்திருக்கிறது. பட்டம் பெற்ற பிள்ளையும் அங்கே போய், "அண்ணே, இதைப் போட்டுக் கொடுங்கள்" என்று வரிசையில் நிற்கிறான்.

நம் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர் வேண்டா. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஒரு மையத்திற்குப் போனாள். அவளுக்கு மின்னஞ்சல் முகவரி இல்லை. மையத்தில் இருந்தவர் தம் முகவரியையும் தம் செல்பேசி எண்ணையுமே கொடுத்து விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார். அவர் தீயவர் அல்லர். நாளொன்றுக்கு அத்தனை விண்ணப்பம் அனுப்புபவர்க்கு எது எவருடையது என்று எப்படி நினைவிருக்கும்? வருமானச் சான்று தெளிவாக இல்லை, மீண்டும் அனுப்புக என்று வந்த குறிப்பு அவருடைய அஞ்சலிலேயே கிடந்தது. கடைசி நாளும் கடந்தது. அவ்வாண்டுத் தொகை வரவில்லை. தேர்வுக் கட்டணத்திற்குத் தாயார் தம் காதுத் தோட்டை அடகு வைத்தார்.

பத்தாம் வகுப்பிற்கு மேற்பட்ட படிப்பிற்கான அந்த உதவித்தொகை 1944 முதல் வழங்கப்பட்டு வருவது. நமக்கு முன்னிருந்தோர் கேட்டும் வாதாடியும் பெற்றுத் தந்த உரிமை. அது ஒரு மின்னஞ்சல் முகவரி இல்லாத குறையால் கைநழுவிப் போகலாமா? என் உரையின் கருத்து முழுவதும் இக்கேள்வியில் அடங்கும். நம் மனுவை நாமே எழுதக் கற்றது போல, நம் விண்ணப்பத்தை நாமே அனுப்பக் கற்க வேண்டும். அதற்கு வேண்டிய கருவிகளுள் பெரும்பாலானவை காசின்றிக் கிடைக்கின்றன.

விலையில்லா மென்பொருள் என்பது யாது?

காசின்றிக் கொடுப்பதில் ஏதேனும் சூழ்ச்சி இருக்குமோ என்று சிலர் ஐயுறக் கூடும். நியாயமான ஐயம். சில இலவசங்கள் விளம்பரத்திற்காகவும், நம்மைப் பற்றிய செய்திகளைத் திரட்டுவதற்காகவும் தரப்படுகின்றன. ஆனால் நான் சொல்ல வருவது வேறு வகை. 1983ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், மென்பொருளை எவரும் பயன்படுத்தவும், அதன் அமைப்பைப் படித்தறியவும், திருத்தவும், பிறர்க்குப் படியெடுத்துத் தரவும் உரிமை இருக்க வேண்டும் என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். 1991இல் பின்லாந்து நாட்டில் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கருவை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டும் சேர்ந்து வளர்ந்ததன் பயனை இன்று உலகம் முழுவதும் துய்க்கிறது. ஆண்ட்ராய்டு செல்பேசிகளின் உள்ளே இயங்குவதும் லினக்ஸ் கருவேயாகும். ஆகவே இது ஒருவர் மற்றவர்க்கு இடும் பிச்சை அன்று. ஊர்ப் பொதுக்கிணறு போன்றது. இறைக்கத் தெரிந்தவர்க்கெல்லாம் நீர் உண்டு.

முதலில் இதைக் கேளுங்கள். 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு வழங்கப்பட்டுவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் முடிவுற்றன. பழைய பொறிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறுவதில்லை. அதனால் நல்ல நிலையில் உள்ள பொறிகளை அலுவலகங்களும் கல்லூரிகளும் ஒதுக்கி வைக்கின்றன. அவற்றைக் குப்பை என்று எண்ண வேண்டா. லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளத்திற்கு 2 ஜி.பி. நினைவகம் இருந்தால் ஓடும்; 4 ஜி.பி. இருந்தால் இடர்ப்பாடின்றி ஓடும். ஒரு பென் டிரைவில் ஏற்றி, பொறியில் நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் பிறகு நிறுவிக்கொள்ளலாம். ஒன்றில் மட்டும் விழிப்பாக இருங்கள். நிறுவும்போது பழைய கோப்புகள் அழிய நேரும். முன்னதாகவே படியெடுத்து வைத்துவிடுங்கள்.

எழுதவும் கணக்கிடவும்

கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுவதில்லை. கள்ளப் படியை நிறுவிக்கொண்டு அஞ்சவும் வேண்டுவதில்லை. கள்ளப் படிகளோடு நச்சுநிரல்கள் சேர்ந்து வருவது கண்கூடு. 2010ஆம் ஆண்டு முதல் லிப்ரே ஆபீஸ் என்னும் தொகுப்பு கிடைக்கிறது. அதில் எழுதுவதற்கு ரைட்டர், கணக்கிற்குக் கால்க், படக்காட்சிக்கு இம்ப்ரெஸ் ஆகியவை உண்டு. எழுதியதை ஒரே சொடுக்கில் பி.டி.எஃப். கோப்பாக்கலாம்.

கால்க் எதற்குப் பயன்படும் என்று தாய்மார்கள் கேட்கலாம். மகளிர் குழுக் கணக்கை வைத்துச் சொல்கிறேன். கடன் கொடுப்பவர் ஒருவர் வருகிறார். "பத்தாயிரம் ரூபாய் கடன், ஆண்டுக்குப் பன்னிரண்டு விழுக்காடுதான் வட்டி, மொத்தம் 11,200 ரூபாய், மாதம் 933 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதம் கட்டுங்கள்" என்கிறார். குறைந்த வட்டி போலத் தோன்றும். ஆனால் பத்தாயிரமும் ஆண்டு முழுவதும் நம் கையில் இருப்பதில்லை. மாதந்தோறும் திருப்பிக்கொண்டே வருகிறோம். கால்க்கில் 'ரேட்' என்றொரு சூத்திரம் உண்டு. தவணைகளின் எண்ணிக்கை 12, மாதத் தவணை 933.33, கடன் 10,000 என்று கொடுங்கள். தவணை நாம் கொடுக்கும் பணம் ஆகையால் அதன் முன் கழித்தல் குறி இட வேண்டும். மாதம் ஏறத்தாழ 1.79 விழுக்காடு என்று விடை வரும். பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ இருபத்தொன்றரை விழுக்காடு! சொன்னது பன்னிரண்டு, மெய்யாகக் கொடுப்பது அதற்கு இரு மடங்கை நெருங்குகிறது. கையெழுத்திடுமுன் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கும் குழு ஏமாறாது.

தமிழில் தட்டச்சிடல்

தமிழில் எழுதத் தெரியாமையால் பலர் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகின்றனர். இது வேண்டாத துன்பம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 என்னும் விசைப்பலகை அமைப்பு வகுக்கப்பட்டது. இதில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலப்புறமும் அமைந்துள்ளன. புள்ளியைப் பல இடங்களில் பொறியே இட்டுக்கொள்கிறது. "அம்மா" என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசைகளைத் தட்டினால் போதும். "பந்து" என்பதற்கு ப, ந, த, உ. பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் விரல் நோகத் தட்டியவன் நான். இதன் அருமை எனக்குத் தெரியும். நாளொன்றுக்கு அரைமணி நேரம் வீதம் பழகினால் சில வாரங்களில் கை தானே போகும். விண்டோசிலும் லினக்சிலும் இவ்வமைப்பு உள்ளேயே உண்டு. பழைய பதிப்பு வைத்திருப்போர் இ-கலப்பை என்னும் விலையில்லா மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம்.

எழுத்துருவைப் பற்றியும் ஒரு சொல். முன்னாளில் பாமினி போன்ற எழுத்துருக்களில் எழுதினோம். அந்த எழுத்துரு இல்லாத பொறியில் திறந்தால் எழுத்தெல்லாம் பொருளற்ற குறிகளாகத் தெரியும். இன்று உலகிற்கெல்லாம் பொதுவான ஒருங்குறி என்னும் யூனிகோடு முறை வந்துவிட்டது. 2010இல் தமிழ்நாடு அரசும் இதை ஏற்றுக்கொண்டது. நம் சங்கத்தின் பழைய ஆண்டறிக்கைகள் பாமினியில் இருக்கின்றன. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற விலையில்லா மாற்றியால் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிவிட்டால், இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் படிக்கலாம், தேடவும் தேடலாம்.

கைக்கு எளிய சில குறிப்புகள்

சிறிய குறிப்புகள்தாம், ஆனால் நாளும் நேரத்தை மிச்சப்படுத்துவன. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு 'சி' தட்டினால் படியெடுக்கும். 'வி' தட்டினால் ஒட்டும். 'எஸ்' தட்டினால் சேமிக்கும். 'எஃப்' தட்டினால் தேடும். செய்த தவற்றைத் திரும்பப் பெற 'இசட்'. இந்த 'இசட்' ஒன்று தெரிந்தாலே பாதி அச்சம் நீங்கும். எதையேனும் தொட்டால் பொறி கெட்டுவிடும் என்று அஞ்சுகிறோமே, பெரும்பாலான தவறுகள் ஒரு தட்டில் திரும்பிவிடுவன. இணைய உலாவியில் ஒரு பக்கத்தைத் தவறி மூடிவிட்டால், கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு 'டி' தட்டுங்கள். மூடிய பக்கம் திரும்பத் திறக்கும். இருக்கையை விட்டு எழும்போது விண்டோஸ் விசையோடு 'எல்' தட்டினால் பொறி பூட்டிக்கொள்ளும்.

பயனுள்ள வேறு சில மென்பொருள்களும் உண்டு. பாரிசு நகரக் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் தொடங்கிய வி.எல்.சி., ஏறத்தாழ எவ்வகை ஒலி, ஒளிக் கோப்பையும் இயக்கும். படங்களைத் திருத்த கிம்ப். ஒலிப்பதிவிற்கு ஆடாசிட்டி. நம் ஊர்க் கிழவிகள் பாடும் தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் அவர்களோடு மறைந்துபோகுமுன், ஓர் இளைஞன் செல்பேசியில் பதிந்து, ஆடாசிட்டியில் இரைச்சலை நீக்கிச் சேமிக்கலாம். அதற்குச் செலவாவது அவனுடைய ஞாயிற்றுக்கிழமை ஒன்றே. பார்வையற்ற தம்பியர்க்கு என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பான் உண்டு. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கரன் 2006இல் தொடங்கியது. திரையில் உள்ளதைத் தமிழிலும் வாசித்துக் காட்டும். இதுவும் விலையின்றியே கிடைக்கிறது.

விண்ணப்பம் அனுப்புவோர்க்கு

இனி, நான் முதலில் சொன்ன செய்திக்கு வருகிறேன். ஒவ்வொருவரும், பத்தாம் வகுப்பு முடித்தவுடனேயே, தம் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் எண்ணும் உங்கள் முகவரியுமே இருக்க வேண்டும். மையத்தில் அனுப்ப நேர்ந்தாலும் அவ்விரண்டையும் நீங்களே தட்டுங்கள். அனுப்புமுன் திரையில் ஒருமுறை படித்துப் பாருங்கள். விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொண்டு, படியையும் பெற்று வாருங்கள். அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று இராமல், வாரம் ஒருமுறை தளத்திற்குள் சென்று நிலை யாதெனப் பாருங்கள்.

நிழற்படம் 50 கிலோபைட்டுக்கு மேற்படலாகாது என்பது போன்ற வரம்புகளைப் பல விண்ணப்பங்களில் காணலாம். செல்பேசியில் எடுத்த படமோ மூன்று, நான்கு மெகாபைட் இருக்கும். ஒரு மெகாபைட் என்பது ஏறத்தாழ ஆயிரம் கிலோபைட். விண்டோசில் உள்ள பெயின்ட் மென்பொருளிலேயே படத்தின் அளவைச் சுருக்கலாம். கிம்ப்பில் சேமிக்கும்போது தரத்தைக் குறைத்தும் வரம்பிற்குள் கொண்டுவரலாம். பல சான்றுகளை ஒரே பி.டி.எஃப். கோப்பாக இணைக்கப் பி.டி.எஃப்.சாம் என்னும் மென்பொருளின் அடிப்படைப் பதிப்பு விலையின்றிக் கிடைக்கிறது. இவ்வேலைகளைச் செய்து தருவதாகச் சொல்லும் முன்பின் அறியாத இணையத்தளங்களில் ஆதாரையும் சாதிச் சான்றையும் ஏற்றாதீர்கள். நம் சான்று எவர் கைக்குப் போகிறது என்பது நமக்குத் தெரியாது. ஆதார்ப் படி கேட்கும் இடங்களில், சட்டப்படி முழு எண் வேண்டாதபோது, முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட படியைக் கொடுக்கலாம். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே அதைப் பெறலாம்.

2015இல் இந்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கரில் மதிப்பெண் சான்று முதலியவற்றை, வழங்கிய துறையிலிருந்தே பெற்று வைக்கலாம். அவ்வாறு பெற்றவை மூலச் சான்றுக்கு ஒப்பானவை என்பது சட்டம். மழையில் கூரை ஒழுகிச் சான்றிதழ் நனைந்து அழிந்த குடும்பங்கள் நம்மில் எத்தனை! அவர்களுக்கு இதன் பயன் சொல்லாமலே விளங்கும். மற்றக் கோப்புகளை மூன்று படிகளாக வையுங்கள்: பொறியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. கூகிள் டிரைவ் 15 ஜி.பி. வரை காசின்றி இடம் தருகிறது. பொறி பழுதாகும், பென் டிரைவ் தொலையும், மூன்றும் ஒரே நாளில் போவது அரிது.

கடவுச்சொல்லைப் பற்றி வற்புறுத்திச் சொல்கிறேன். பெயரும் பிறந்த ஆண்டும் சேர்த்து வைக்காதீர்கள். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து நீளமாக வையுங்கள். ஒவ்வொரு தளத்திற்கும் வேறொன்று வையுங்கள். நினைவில் நிற்காதெனின், கீபாஸ் எக்ஸ்சி என்னும் விலையில்லாப் பெட்டகத்தில் பூட்டி வைக்கலாம். பொது மையத்தில் வேலை முடிந்ததும், கணக்கிலிருந்து வெளியேறி, இறக்கிய சான்றுகளை அழித்துவிட்டு எழுந்திருங்கள். செல்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்டாலும், வங்கி அதிகாரி என்றே சொன்னாலும், சொல்லாதீர்கள். உதவித்தொகை வந்திருக்கிறது, இந்த இணைப்பைத் தொடுங்கள் என்று செய்தி வந்தால் தொடாதீர்கள். அரசுத் தளங்களின் முகவரி பெரும்பாலும் 'ஜிஓவி.இன்' என்றோ 'என்ஐசி.இன்' என்றோ முடியும். அதைப் பார்த்துத் தெளியுங்கள். பணம் பறிபோய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்னும் எண்ணுக்குச் சொல்லுங்கள். எவ்வளவு விரைந்து சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

வீட்டிற்குள் ஒரு நூலகம்

நூலகம் இல்லாத ஊரில் வளர்ந்தவன் நான். அதனால் இப்பகுதியைச் சொல்லும்போது எனக்கு மகிழ்ச்சி மிகுதி. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர்கள் தட்டச்சிட்ட தமிழ் இலக்கியங்கள் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். பள்ளிப் பாடநூல்களைத் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். 2003 முதல் தமிழ் விக்கிப்பீடியா இருக்கிறது. அதில் படிப்பதோடு எழுதவும் செய்யலாம். நம் ஊரின் வரலாற்றை, தக்க சான்று காட்டி, நாமே எழுதலாம். நாம் எழுதாவிட்டால் வேறொருவர் எழுதுவதைத்தான் உலகம் படிக்கும்.

அண்ணல் அம்பேத்கரின் எழுத்துகளையும் உரைகளையும் மகாராட்டிர அரசு 1979 முதல் ஆங்கிலத்தில் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. அத்தொகுதிகளைத் தேடிப் பம்பாய்க்குக் கடிதம் எழுதிக் காத்திருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. இன்று அவை இந்திய அரசின் வெளியுறவு அமைச்சகத் தளத்திலேயே கிடைக்கின்றன. ஒரு காசு செலவில்லை. கல்லூரி மாணவர்கள் இன்றிரவே முதல் தொகுதியை இறக்கிப் படிக்கத் தொடங்கலாம்.

உயர்கல்வி பயில்வோர்க்கு, ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் விரிவுரைகள் என்.பி.டி.இ.எல். தளத்தில் உள்ளன. 2017இல் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் பல துறைப் பாடங்கள் உள்ளன. கேட்டுப் படிக்கக் கட்டணமில்லை. தேர்வெழுதிச் சான்று பெறுவதற்கே கட்டணம். அதிலும் சலுகை உண்டா என்பதை அறிவிப்பில் பாருங்கள். இன்று, கேட்ட கேள்விக்கு விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுத் தளங்களும் வந்துள்ளன. விளங்காத பாடத்தை எளிதாக விளக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் அவை பிழையையும் உறுதியோடு சொல்லும். கடைசி நாள், வயது வரம்பு, கட்டணம் ஆகியவற்றை அரசின் அறிவிக்கையில் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள்

1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அச்செழுத்துக் கோத்து, தாள் வாங்கி, அஞ்சற் செலவு செய்து அவர்கள் நம் குரலை ஊரறியச் செய்தார்கள். இன்று ஓர் இதழைப் பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ் என்னும் மென்பொருள் காசின்றிக் கிடைக்கிறது. 2024இல் வந்த அதன் 1.6 பதிப்பில் தமிழ் எழுத்துகள் சிதையாமல் அமைகின்றன. சங்கத்தின் அடுத்த மலரை நம் இளைஞர்களே பக்கம் அமைத்துக் கொடுக்க வேண்டும் என்பது என் அவா.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஒன்று, சங்க நூலகத்தில் ஓர் அறையை ஒதுக்கி, ஒதுக்கப்பட்ட பழைய பொறிகள் இரண்டு மூன்றைக் கேட்டு வாங்கி, லினக்ஸ் ஏற்றி வையுங்கள். அந்த அறைக்குக் கண்ணாடியும் வேண்டா, பூட்டும் வேண்டா. இரண்டு, உதவித்தொகைக்கும் தேர்வுக்கும் விண்ணப்பிக்கும் காலங்களில், ஞாயிறுதோறும் படித்த இளைஞர் இருவர் அங்கே அமர்ந்திருக்கட்டும். அவர்கள் விண்ணப்பத்தை அனுப்பிக் கொடுக்கலாகாது. அருகில் இருந்து, வந்தவரையே அனுப்பச் செய்ய வேண்டும். இல்லையேல் நாமும் மரத்தடி மனு எழுதுவோர் ஆகிவிடுவோம். மூன்று, கற்றுக்கொண்ட ஒவ்வொருவரும் தம் வீட்டில் தாய்க்கோ தங்கைக்கோ கற்பிக்க வேண்டும்.

நான் முன்னர்ச் சொன்ன அந்தப் பெண் படிப்பை விடவில்லை. மறு ஆண்டு தன் பெயரில் முகவரி வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுப் பழைய பொறியில் தானே விண்ணப்பித்தாள். தொகை வந்தது. தோடும் திரும்பியது. இவ்வாண்டு அவள் நம் தெருவில் பதினோரு பேரை அவர்கள் கையாலேயே விண்ணப்பிக்கச் செய்திருக்கிறாள். அவள் இவ்வரங்கில்தான் எங்கோ அமர்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அறையில் அமரவேண்டிய இருவரில் ஒருவர் கிடைத்துவிட்டார். இன்னொருவர் யார் என்பதை, இவ்விழா முடிவதற்குள், தம்பியரே, நீங்கள் செயலாளரிடம் சொல்லுங்கள்.